நாலாவது ஆளுக்குத் தண்ணீர்

பாலைவனம் கோழைகளுக்காகப் படைக்கப்பட்டதல்ல. தாகத்தை வென்றவனே தன்னை வென்றவன். தன்னை வென்றவனுக்கு மணல் வழிவிடும், சூரியன் தலை தாழ்த்தும், வரலாறு ஓரமாக ஒதுங்கி நிற்கும்.

இதை முகநூலில் எழுதிய கிருஷாந்தன் மகியங்கனைக்கு அப்பால் போனதில்லை. மகியங்கனையிலும் வெயில் தாங்காமல் பஸ் நிலையத்திலேயே இளநீர் குடித்துவிட்டு, வந்த பஸ்ஸில் திரும்பி ஏறியவர்.

மாநகரசபையில் எழுதுவினைஞர். வயது நாற்பத்தாறு. அவர் இப்போது அறிவித்திருந்தது ஓமான் பயணம். முகவர் கிடையாது, வழிகாட்டி கிடையாது, ஹோட்டல் கிடையாது. ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்து, மணல்மேடுகளுக்கு நடுவே கூடாரம் அடித்து, பருப்பும் பாணும் தின்றுகொண்டே நாட்டைக் கடந்து கடலைப் பார்ப்பது. கந்தோரில் தேநீர் ஊற்றுகிறவரிலிருந்து மேலதிகாரி வரைக்கும் விஷயம் போய்விட்டது. இனிப் பின்வாங்கினால் பென்ஷன் எடுக்கும்வரை சிரிப்பார்கள்.

குழுவில் மூன்று பேர். அவர் தலைவர். ஹாட்வெயார் கடையில் வேலை பார்க்கும் டக்ளஸ் உபகரணங்களுக்குப் பொறுப்பு. டக்ளஸின் தங்கை ஷெரோன், ஆங்கில ஆசிரியை, இணையத்தில் தேடித் துருவுவது அவள் வேலை. நாலாவதாக இருந்த சஞ்சீவ், கல்யாணம் நிச்சயமானதும் நைசாகக் கழன்றுகொண்டான்.

"மூணு பேரா கெளம்பக் கூடாதுங்க," என்றாள் பிரேமிளா. கிருஷாந்தனின் மனைவி, குண்டசாலை வீட்டில் அவர் சொல்லைக் கேட்காத ஒரே ஆள். "யாரையாச்சும் சேத்துக்கங்க. ஆளு கெடைக்காட்டி ஒரு கல்லையாச்சும் எடுத்துப் பையில போட்டுக்கங்க. அதான் நாலாவது ஆளு. எங்க அப்பால்லாம் அப்பிடித்தான் செய்வாரு."

"ஓமான் அரசாங்கம் கல்லுக்கு விசா குடுக்குமா?"

"சிரிங்க, சிரிங்க. பாலைவனத்துல போயி நின்னு சிரிங்க."

அவர் சிரித்தார். ஆனால் யோசித்தும் பார்த்தார். தனியாக இருக்கும்போது கிருஷாந்தன் இந்த மாதிரி விஷயங்களில் மிகுந்த பக்தி உள்ளவர்.

பயிற்சி நடைக்கு ஹுன்னஸ்கிரிய மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். வாரம் முழுவதும் மழை. தேயிலைக்கு மேலே, தோட்டத் தொழிலாளர்கள் விட்டுப்போன பழைய லயங்களின் சுவர்கள் மூடுபனிக்குள் பற்களைப் போல நின்றன. தலைவருக்கு மூச்சு வாங்கியது. வாங்கவில்லை என்று காட்டுவதற்காக, அவர் "இயற்கையை ரசிக்க" ஓரிடத்தில் உட்கார்ந்தார்.

மானாப்புல்லுக்குள் கற்கள் வரிசையாக ஊன்றியிருந்தன. பழைய பூந்தோட்டத்து வரம்பு என்று நினைத்துக்கொண்டார். ஒரு கல் உள்ளங்கை அளவு, கறுப்பு, வழவழப்பு. தொட்டபோது எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. பிரேமிளாவின் ஞாபகம் வந்தது. அசைத்து, பிடுங்கி எடுத்தார்.

சுற்றிலும் புல் நீரில் மிதந்தது. கல் இருந்த குழிக்குள் மண் மட்டும் பொடியாகக் காய்ந்திருந்தது.

அவர் அதைக் கவனிக்கவில்லை. டக்ளஸ் கவனித்தான்.

"மெம்பர்ஸ்," என்றார் தலைவர், கல்லை உயர்த்திப் பிடித்து. "நம்ம நாலாவது ஆள் கெடைச்சிட்டார். இவர் பேரு செல்லப்பா." அது அவருடைய தலைமை எழுதுவினைஞரின் பெயர். அசையாத ஒன்றுக்கு வேறு பெயர் அவருக்குத் தோன்றவில்லை. "மிஸ்டர் செல்லப்பாவுக்குச் சாப்பாடு வேணாம், கூடாரம் வேணாம். முக்கியமா, தண்ணியே வேணாம். நெசமான பாலைவன மனுசன்."

ஷெரோன் சிரித்தாள். டக்ளஸ் கைதட்டினான்.

மூடுபனிக்குள், எங்கோ மிகக் கிட்டத்தில், யாரோ எச்சில் விழுங்கினார்கள். விழுங்க எச்சில் இல்லாத தொண்டையால்.

"அண்ணே, நீங்களா?" என்றான் டக்ளஸ்.

"தவளையா இருக்கும்," என்றார் தலைவர். எழுந்து நடந்தார். இறங்கும்போது அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை; அவ்வளவு வேகம்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அம்பிட்டியவில் கூட்டம். டக்ளஸின் மாமி டொரதி, நீர்கொழும்பில் மகளோடு போய் இருந்துவிட்டதால் பூட்டிக் கிடந்த பழைய வீடு அது. ஏற்றத்தில் ஆட்டோ முனகி நின்றது. மழை சரம்சரமாக இறங்கியது. கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பும் எலிப்புழுக்கையும் அணைந்த மெழுகுதிரியும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. கூரை பல இடங்களில் ஒழுகியது. டக்ளஸ் வாளிகளைத் தேடி எடுத்து ஒவ்வோர் ஒழுக்குக்கும் கீழே வைத்தான்.

டொக். டொக். டொக்.

மேசையில் ஓமான் வரைபடம் விரிந்தது. மேசையைச் சுற்றி நாலு கதிரைகள். நாலாவது கதிரைக்கு முன்னால் தலைவர் கல்லை வைத்தார். அன்றைய பயிற்சி தாகக் கட்டுப்பாடு: ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், பொழுது சாயும்வரை அதுதான். தேநீர் கிடையாது. டக்ளஸ் நாலு போத்தல் கட்டு ஒன்று வாங்கி வந்திருந்ததால் செல்லப்பாவுக்கு முன்னாலும் ஒன்று நின்றது.

"இந்த இடத்துக்கும் இந்த இடத்துக்கும் நடுவுல பெற்றோல் ஷெட்டே இல்ல," என்றாள் ஷெரோன், வரைபடத்தில் விரலை ஓட்டி. "தண்ணியும் இல்ல. இங்க ஜீப் நின்னுட்டா?"

"நின்னா நடப்போம். ஒட்டகம் நடக்கல?"

"ஒட்டகத்துக்கு முதுகுல மேடு இருக்கு, அண்ணே. ஒங்களுக்கு முன்னாலதான இருக்கு," என்றான் டக்ளஸ்.

தலைவர் கேட்காத மாதிரி எழுந்தார். "பின்பக்கத்தைப் பாத்திட்டு வாறேன். பாதுகாப்பு."

பின்பக்கத்தில் பாதுகாக்க ஒரு பைப் இருந்தது. தாகக் கட்டுப்பாடு ஆரம்பித்ததிலிருந்து தலைவர் பாதுகாப்புக்குப் போவது அது முதல் தடவையல்ல. பைப்பைத் திறந்து இரண்டு கைகளையும் குவித்துப் பிடித்தார். குளிர்ந்த தண்ணீர் நிறைந்தது. குனிந்தார்.

பிடரிக்குப் பின்னால் ஒரு சத்தம்.

காய்ந்த நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரியும் சத்தம்.

திரும்பினார். வாழை மரம், மதில், மழை. வேறு எதுவும் இல்லை. மறுபடி குனிந்தபோது கைக்குள் தண்ணீர் இல்லை. விரலிடுக்கில் ஒழுகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் கைகள் ஈரமாகக்கூட இல்லை. தோல் சுருங்கி, விரல் நுனிகள் வெடித்திருந்தன, நாளெல்லாம் சீமெந்து குழைத்தவனின் கை மாதிரி.

உள்ளே வந்தார். ஷெரோன் நாலாவது போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது காலி.

"யாரு குடிச்சது?" என்றாள்.

"என்னைப் பாக்காத," என்றான் டக்ளஸ். "நான் எங்கயும் எழும்பல."

இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் அதைக் குடிக்கவில்லை. அதை நிரூபிக்க வேண்டுமானால் எங்கே போனார் என்பதைச் சொல்ல வேண்டும். ஆகவே கௌரவமாக மௌனம் காத்தார்.

"அண்ணே, மூடியைப் பாருங்க," என்றான் டக்ளஸ். குரல் இறங்கியிருந்தது.

மூடி திறக்கப்படவில்லை. அதன் வளையம் அறுபடாமல் இருந்தது. போத்தலின் வயிறு மட்டும் உறிஞ்சி எடுத்தது போல உள்நோக்கி ஒட்டியிருந்தது.

அப்போதுதான் வீட்டின் அமைதி அவர்களுக்குக் கேட்டது.

டொக் சத்தம் நின்றிருந்தது.

வெளியே மழை அடித்துக்கொண்டுதான் இருந்தது. கூரையிலிருந்து துளிகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. வெளிச்சத்தில் அவை மின்னுவது தெரிந்தது. துளி உருண்டு, நீண்டு, அறுந்து, கீழே வந்தது.

வாளியை அடையவில்லை.

டக்ளஸ் குனிந்து ஒரு வாளிக்குள் கையை விட்டான். அடியில் தூசி இருந்தது.

"அப்பவே வச்சது," என்று கிசுகிசுத்தான். "அப்பவே அரைவாசி நெறைஞ்சிருச்சு. நான் பாத்தேன், அண்ணே."

ஷெரோன் கைப்பையைத் திறந்து, மாதா கோயிலிலிருந்து எடுத்து வைத்திருந்த தீர்த்தச் சீசாவைத் தேடினாள். எடுத்தாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். மெதுவாகத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"அதுவும் இல்ல," என்றாள்.

நாலாவது கதிரை பின்னால் நகர்ந்தது.

வேகமாக அல்ல. நெடுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் முழங்காலை ஊன்றி எழும்போது நகர்வது போல.

தலைவர் என்ற முறையில் கிருஷாந்தன் முதலில் வெளியேறினார். குடையை எடுக்கவில்லை. கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தவும் செய்தார். உள்ளே இன்னும் இரண்டு பேர் இருப்பது ஏற்றத்தின் அடிக்கு ஓடிவந்த பிறகுதான் நினைவு வந்தது. ஷெரோன் அதற்குப் பிறகு அவரை அண்ணன் என்று கூப்பிடவில்லை.

குண்டசாலையில் வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோது, துவாய்க்கு அடியில் கல் இருந்தது.

டக்ளஸுக்குப் போன் போட்டார். "நான் வைக்கல, அண்ணே. மாதா மேல சத்தியம்." ஷெரோன் போனை எடுக்கவே இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்த தாகம் அடங்கவில்லை.

குடித்தார். ஜாடி ஜாடியாகக் குடித்தார். வாயில் ஊற்றும்வரை தண்ணீர் தண்ணீராக இருந்தது. நாக்கைத் தொட்டதும் காணாமல் போனது. உதடு பிளந்தது. கண் இமைத்தால் உரசியது. வியர்வை நின்றது. சிறுநீர் நின்றது. ஒவ்வொரு வாய்க்கும் காதோரத்தில் யாரோ விழுங்கினார்கள், ஒரு வாய்கூட விடாமல், அவசரமாக.

அவர் முகநூலில், "உடலைப் பாலைக்குப் பழக்கிவருகிறேன்" என்று எழுதினார். நிறையப் பேர் வாழ்த்தினார்கள்.

டிஸ்பென்சரியில் டொக்டர் சேலைன் ஏற்றினார். பை காலியானது. கை வீங்கவில்லை, நரம்பு எழும்பவில்லை. டொக்டர் இன்னொரு பை மாட்டிவிட்டு, ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பிரேமிளாவை வெளியே கூப்பிட்டார்.

"எங்க போகுதுன்னே தெரியலம்மா. இப்பிடியே போனா கிட்னி ரெண்டும் நின்னுரும். அதுக்கப்புறம் ரொம்ப நாள் தாங்காது."

பிரேமிளா வீட்டுக்கு வந்து அழவில்லை. அவருடைய பயணப் பையைத் தரையில் கொட்டினாள். கூடார ஆணி, டோர்ச், வெயில் தொப்பி, கல்.

கல்லைக் கையில் எடுக்காமல் முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"இது எங்க எடுத்தீங்க?"

"ஹுன்னஸ்கிரியவுல. பழைய லயத்துக்குப் பக்கத்துல." குரல் உமி உரசுவது போல வந்தது. "நீதான கல்லு எடுக்கச் சொன்ன?"

"ரோட்டுல கெடக்குற கல்லை எடுக்கச் சொன்னேங்க. ஊன்டி வச்ச கல்லையா பிடுங்குவாங்க?" "எண்ணெ வச்சிருக்கு, பாருங்க. இது காரியக் கல்லு. செத்தவங்களைக் கல்லுல நிறுத்தி, எள்ளுந் தண்ணியும் ஊத்தி, கடைசியில எடுத்து ஆத்துல விடுவாங்க. எங்க அப்பாவுக்குச் செஞ்சப்ப நீங்களும் நின்னீங்களே. இந்தாளுக்கு யாரும் முடிக்கல போலருக்கு. ஊத்த வேண்டியவங்க ஊரோட போயிட்டாங்க."

கிருஷாந்தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பேர் ஏதும் வச்சீங்களா?"

"செல்லப்பான்னு..."

"கடவுளே. வேற என்ன சொன்னீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். "தண்ணி வேணாம்னு சொன்னேன். ஒரு பகிடிக்கு."

பிரேமிளா எழுந்து சமையலறைக்குப் போய் எள்ளுப் போத்தலைத் தேடினாள்.

ஐயரைக் கூப்பிடுவோம் என்றாள் அவள். ஐயர் வந்தால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் கந்தோருக்குத் தெரியும் என்றார் அவர். எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதுதான் அவருடைய வழி. யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம் குண்டசாலையில் மகாவலிக் கரைக்குப் போனார்கள். டக்ளஸும் வந்தான், தலைவரால் தனியாக நடக்க முடியவில்லை. ஆறு மழைநீரில் கலங்கி, சத்தமில்லாமல் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கல்லை வாழையிலையில் வைத்து, பிரேமிளா சொல்லச் சொல்ல அவர் எள்ளைப் போட்டுத் தண்ணீரை ஊற்றினார்.

ஊற்றிய தண்ணீர் இலையில் வழியவில்லை.

செம்பு செம்பாக ஊற்றினார். டக்ளஸ் ஆற்றிலிருந்து அள்ளி அள்ளிக் கொடுத்தான். கல் குடித்துக்கொண்டே இருந்தது. சுற்றியிருந்த நாணல்கூட அசையவில்லை. விழுங்கும் சத்தம் மட்டும், குழந்தை பால் குடிப்பது போல, மூச்சு விடாமல்.

"விட்டுறாதீங்க," என்றாள் பிரேமிளா. "ஊத்துங்க."

கை சோர்ந்து விழப்போன நேரத்தில், இலையின் ஓரத்தில் ஒரு கோடு ஈரம் தெரிந்தது. அது விரிந்தது. தண்ணீர் வழிந்தது. கிருஷாந்தனின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கண்ணில் நீர் வந்தது. செம்பில் மிஞ்சியதை வாயில் ஊற்றினார். அது தொண்டையில் இறங்கி, நெஞ்சில் இறங்கி, வயிற்றில் குளிர்ந்தது.

உயிர் வந்ததும் தலைவரும் வந்துவிட்டார்.

"தண்ணிக்குள்ள எறங்கி, கல்லை விட்டுட்டு, திரும்பிப் பாக்காம ஏறி வாங்க," என்றாள் பிரேமிளா.

அவர் முழங்காலளவு தண்ணீரில் இறங்கினார். கல்லை இரு கைகளிலும் ஏந்தினார். சும்மா விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. எந்த நிகழ்ச்சியையும் நாலு வார்த்தை பேசாமல் முடித்துப் பழக்கமில்லை.

"ஐயா," என்றார், தொண்டையைச் செருமி. "பெயர் தெரியாத பெரியவரே. எங்கள் குழுவின் சார்பில் ஒங்களுக்கு நன்றியும் மன்னிப்பும். தாகம் தீர்ந்தது. இனி நிம்மதியாப் போயிட்டு வாங்க."

கல்லை விட்டார். திரும்பிப் பார்க்காமல் கரையேறினார். அந்த ஒரு விதியை அவர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்.

பிரேமிளா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

அவரோ உற்சாகமாக இருந்தார். வழியில் கடையில் இறங்கி இரண்டு சோடா குடித்தார். வீட்டில் வந்து ஜாடியைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். டக்ளஸ் ஆட்டோவில் போனதும் முன்னறைக் கதிரையில் சாய்ந்து காலை நீட்டினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, இன்னும் விளக்குப் போடவில்லை.

"ஓமானை அடுத்த வருசத்துக்குத் தள்ளலாம்னு பாக்குறேன்," என்றார். "எனக்கில்ல. டக்ளஸுக்குப் பயிற்சி பத்தாது."

பிரேமிளா வாசற்படியில் நின்றாள்.

"என்னங்க. ஆத்துல என்ன சொன்னீங்க?"

"நன்றி சொன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"வேற என்ன. மரியாதையா, போயிட்டு வாங்கன்னு..."

அவர் நிறுத்தினார்.

யாரை வழியனுப்பினாலும் அப்படித்தான் சொல்வார்கள். வெறுமனே போங்க என்றால் விரட்டுவது மாதிரி. சாவு வீட்டில் மட்டும் யாரும் அதைச் சொல்வதில்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"வாங்கன்னு கூப்பிட்டீங்களேங்க," என்றாள் பிரேமிளா, மிக மெதுவாக. உள்ளே போய்ச் சுவாமி விளக்கை ஏற்றத் தீப்பெட்டியைத் தேடினாள். அவள் தேடுகிற சத்தம் அவருக்குக் கேட்டது.

பிறகு அது கேட்கவில்லை.

முன்னறையில் வாசனை மாறியது. நெடுநாள் மூடிக் கிடந்த மண்ணைக் கிளறினால் வருகிற வாசனை. எதிரேயிருந்த கதிரையின் பிரம்பு, ஒருவர் பாரம் பட்டது போல, நெறுநெறுவென்று இறங்கியது.

எழுந்திருக்க நினைத்தார். கதிரைக் கையைப் பிடித்தார்.

காய்ந்த மூச்சு ஒன்று முழங்காலைத் தொட்டது.

பிறகு முகத்தை.

ஒரு நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிந்தது.

"வந்துட்டேங்க," என்றது.

கிருஷாந்தனின் மடியிலிருந்து சூடு பரவியது. அது தொடையில் இறங்கி, கதிரையில் தேங்கி, சீமெந்துத் தரையில் சொட்டியது. அந்திவெளிச்சத்தில் அது பளபளப்பதை அவரே பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையிலிருந்த ஈரம் ஓரங்களிலிருந்து சுருங்கிற்று. கதிரைக்கு ஏறிற்று. துணி வழியே, அவசரமில்லாமல், ஒரு துளியும் மிஞ்சாமல் போயிற்று. கடைசியில் ஒரு சின்ன விழுங்கல்.

பிரேமிளா விளக்கோடு ஓடிவந்தாள். கதிரை காய்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தது. காற்சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல," என்றார் கிருஷாந்தன்.

அவர் காற்சட்டையிலேயே சிறுநீர் கழித்திருந்தார்.